காணிப்பாக்கம் வரமாட்டேன் என்றவள்

லாவண்யா கண்ணு,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்த பெண்ணுக்கு இவ்வளவு நீளமாகத் தமிழில் எழுதுவது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும், அதனால்தான் தமிழ். போனில் சொல்லலாம் என்றால், உனக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் பாதியை உன் அம்மா "துன்னியா, தூங்கினியா" என்றே தீர்த்துவிடுகிறாள். மீதியில் நீ, "வச்சிட்றேன் நைனா, விசில் அடிச்சிட்டாங்க" என்கிறாய். எஸ்.ஐ. பயிற்சிக்குப் போன மகளிடம் ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவே ஒரு அப்பன் என்னத்தைப் பேசிவிட முடியும்?

இந்தக் கடிதத்தின் ஒரு நகலைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கும் அனுப்பப் போகிறேன். அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. "ஊருக்கெல்லாம் சொல்லணுமா? பொண்ணு மனசு நோவும்" என்கிறாள். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன். பிள்ளைகளை அதிகாரமுள்ள வேலைக்கு அனுப்பிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிற அப்பா அம்மாக்கள் இன்னும் நாலு பேர் இதைப் படித்தால் நல்லது. பயப்படாதே, பெயர்களை மாற்றிவிட்டேன். உன் பெயரைக்கூட மாற்றியிருக்கிறேன், முதல் வரியிலேயே திடுக்கிட்டிருப்பாய். முனியம்மா என்பது முனியம்மாவின் பெயர் இல்லை. காணாமல் போன நகையும் சங்கிலி இல்லை. போதாததற்கு, திருச்சானூரில் நம் லாட்ஜ் இருக்கிற சந்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் அம்மாவும்தான்.

உன் செலக்‌ஷன் லிஸ்ட் வந்து, பயிற்சி உத்தரவுக்காக நீ வீட்டில் காத்திருந்த நாட்களில்தான் எல்லாம் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டம் ரூம்களுக்குள் அடங்கிய பிறகு ரிசப்ஷனில் வேலை குறைவு. அந்த நேரத்துக்குத்தான் நீ அந்தப் பழைய துப்பறியும் தொடரைப் போனில் தோண்டி எடுத்து, அங்கிருக்கிற டிவியில் போட்டாய். யாரோ ஒரு புண்ணியவான் கேசட்டிலிருந்து ஏற்றி வைத்திருந்தான். படம் முழுக்கக் கோடு. நடுவில் ஒரு வாரத்துக் கதையையே காணோம். அதற்கு நல்ல பெயர் ஒன்று இருந்தாலும் நம் வீட்டில் என்றைக்கும் 'இன்ஸ்பெக்டர் தொடர்'தான். மெட்ராஸ் டிவி நிலையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தது. நகரியில் நான் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், புத்தூரில் உன் அம்மா பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் எனக்கும் போலீஸ் ஆசை வந்தது. உயரம் ஒரு விரற்கடை போதவில்லை. லாட்ஜ் மேனேஜர் ஆனேன். என்னால் முடியாததை நீ முடித்தபோது, ரூம் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சாவி கொடுக்கும் முன்பே அதைச் சொன்னேன். அந்தப் பெருமை இன்றைக்கும் குறையவில்லை, இந்தக் கடிதம் முழுக்க அதையும் சேர்த்தே படி.

நாம் அடித்துக்கொண்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "நைனா, இதுல பின்னணி மியூசிக்கே இல்ல பாரு. அந்தாளு யோசிக்கச் சொல்ல ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. இப்ப வர்ற சீரிஸ்ல யோசிக்கிறதுக்கே ட்ரம்ஸ் அடிக்கிறாங்க" என்றாய் நீ. மியூசிக் போட அவர்களிடம் காசில்லை, ஃபேனை நிறுத்தினால் நடிகர்களுக்கு வேர்க்கும், அதில் கலை எங்கிருந்து வந்தது என்றேன் நான். "எதனால வந்தா இன்னா? நல்லாக்குதா இல்லியா?" என்று மடக்கினாய். ஒத்துக்கொண்டேன். கேமரா ஒரே இடத்தில் நின்று ஒரு மனிதன் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதை இன்றைக்கு யார் எடுக்கிறார்கள்? ஆனால் கதை முழுக்கப் பெண்கள் அழுவதற்கு மட்டுமே வருகிறார்கள் என்றும் நீதான் சொன்னாய். அந்த இன்ஸ்பெக்டர் விட்ட அறைகளைப் பற்றியும் பேச்சு வந்தது. நான் அது அந்தக் காலம் என்றேன். நீ, "தப்பு பண்ணவனத்தான நைனா அடிக்கிறாரு" என்றாய். இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு வருகிறேன். அம்மாவின் விமரிசனம் வேறு. "அந்தாளு ஒரு நாளாச்சும் துன்னாரா பாரு. எந்நேரமும் விசாரிச்சிக்கினே இருக்கிறாரு. ஊட்ல யாரும் கேக்க மாட்டாங்களா?"

முனியம்மாவும் நம்மோடுதான் பார்த்தாள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முனியம்மா சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க்காரி. நம் லாட்ஜில் ரூம் பெருக்கி, படுக்கை மாற்றி, விடியலில் வெந்நீர் கொண்டு போய்க் கொடுப்பவள். எல்லா ரூம்களின் சாவிக்கொத்தும் அவள் இடுப்பில்தான் இருக்கும். கை சுத்தமில்லாதவளிடம் எந்த லாட்ஜிலும் அந்தக் கொத்தைக் கொடுக்க மாட்டார்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே மாடி மாடியாகப் பெருக்கியவள். நீ அவளை அத்தே என்றுதான் கூப்பிடுவாய். ஒருநாள் தொடரைப் பார்த்துவிட்டு அவள், "எதுனா காணாமப் போனா மொதல்ல வேலக்காரங்களத்தான் கூப்புடறாங்க" என்றாள். "அவங்கதான அத்தே உள்ள போயி வரவங்க? அதுதான் லாஜிக்கு" என்றாய். "லாஜிக்கோ இன்னாவோ" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அந்தக் கல்யாண மண்டபத்துக் கதை வந்தது. பெண்ணின் நகை காணாமல் போகிறது. இன்ஸ்பெக்டர் மண்டபத்தில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி, தட்டில் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொருவராக அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்கிறார். எல்லாரும் பண்ணுகிறார்கள். சமையல்காரர் மட்டும் தட்டுக்கு முன்னால் வந்து தயங்குகிறார். பளாரென்று ஒரு அறை. அடுத்த நிமிஷமே நகை அரிசி அண்டாவிலிருந்து வெளியே வருகிறது. நீ கைதட்டினாய். "ஒரு கேள்விகூட கேக்கல பாத்தியா நைனா! கேஸ் முடிஞ்சிச்சி!" நானும்தான் தட்டினேன். தொடரிலேயே சிறந்த வாரம் அதுதான் என்று நாம் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாமல் ஒத்துப்போனோம்.

அதே வாரம்தான் அந்தக் குடும்பம் வந்தது. எந்த ஊர் என்று எழுத மாட்டேன். கணவன், மனைவி, மொட்டை போட்ட ஒரு குழந்தை. தரிசனம் முடித்து மலையிலிருந்து இறங்கி வந்த மத்தியானம், மனைவியின் கழுத்துச் சங்கிலியைக் காணோம் என்று அந்த மனிதர் ரிசப்ஷனில் வந்து கத்தினார். பாத்ரூம் ஷெல்ஃபில் கழற்றி வைத்தாளாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று கிளம்பியவரை நீதான் தடுத்தாய். "சார், நான் எஸ்.ஐ. செலக்ட் ஆயிருக்கேன். கொஞ்சம் டைம் குடுங்க" என்றாய். உன் குரலே மாறிப்போயிருந்தது. எனக்கு அப்போது மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்வானேன்.

ரூமுக்குள் போனவர்கள் இரண்டு பேர். பெட்டி தூக்கிய வாட்ச்மேன் ரெட்டெப்பா, வெந்நீர் கொடுத்துப் பெருக்கிய முனியம்மா. சத்தம் கேட்டுப் பக்கத்து லாட்ஜ்காரர்களும் எதிரில் இஸ்திரி போடுகிறவரும் வந்து நின்றார்கள். நீ கற்பூரத்துக்குப் போகவில்லை, நேராகக் காணிப்பாக்கம் பிள்ளையாரிடமே போய்விட்டாய். சித்தூர் ஜில்லாவில் அதற்கு மேல் கோர்ட் ஏது? கட்சிக்காரர்கள்கூட ஒருவர்மேல் ஒருவர் பழி சொல்லிக்கொண்டால் "காணிப்பாக்கம் வரியா, சத்தியம் பண்றியா" என்றுதானே மைக்கில் கேட்கிறார்கள். குளத்தில் முழுகி ஈரத்துணியோடு அந்தப் பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது இங்கே எல்லாருக்கும் ரத்தத்தில் ஊறியது. "நாளைக்கு காலைல எல்லாரும் காணிப்பாக்கம் போறோம். 'சங்கிலிய நான் எடுக்கல, அது எங்க போச்சுன்னும் எனக்குத் தெரியாது'ன்னு சத்தியம் பண்ணணும்" என்றாய். ரெட்டெப்பா உடனே, "நேனு ரெடி மேடம், ரேப்பே போதாம்" என்றான், நாளைக்கே போகலாம் என்று. ஸ்பேர் சாவி என்னிடம் இருக்கிறது, நானும் வருகிறேன் என்றேன். முனியம்மா மட்டும் பேசவில்லை.

"முனியம்மா, நீங்க?" என்றாய். அவளைப் பெயர் சொல்லி நீ கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"நா வரல பாப்பா."

"ஏன்?"

"வரலன்னா வரல. நா எடுக்கல, அத்த இங்கயே சொல்றேன். காணிப்பாக்கம் வரமாட்டேன்."

நீ ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாய். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "சரி. இதுக்கு மேல கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாய். அவ்வளவுதான். நீ கை ஓங்கவில்லை, திருடி என்று சொல்லவுமில்லை. ஆனால் அங்கே நின்ற ஒவ்வொருவரும் அதைத்தான் புரிந்துகொண்டார்கள். முனியம்மா சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். நானும் அங்கேதான் இருந்தேன், "இரு முனியம்மா" என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அந்த மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. நகை போன துக்கம் என்று நாம் நினைத்தோம். கேமரா ஒரே இடத்தில் நிற்பதைப் புகழ்ந்த நாம் இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேஸ் வேண்டாம் என்று மனைவி கெஞ்ச, அந்தக் குடும்பம் அன்று சாயங்காலமே ஊருக்குப் போய்விட்டது, காணிப்பாக்கமும் அதோடு நின்றது. நீ கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பெண் லாட்ஜுக்குப் போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். அழுதுகொண்டே சொன்னாள். குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது கழுத்துச் சங்கிலியைப் போடுகிறேன் என்று ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாளாம். அந்தச் சங்கிலி மாமியார் வீட்டில் போட்டது, கணவனிடம் சொன்னால் விட மாட்டான். உண்டியல் முன்னால் நின்றபோது முந்தானைக்குள்ளேயே கழற்றி உண்டியல் துணிக்குள் போட்டுவிட்டாள். ரூமுக்கு வந்து அவன் கேட்டதும் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். அவன் இப்படிக் கத்திக்கொண்டு கீழே இறங்குவான் என்று அவள் நினைக்கவில்லை. அன்று விடியலில் வெந்நீர் கொண்டு வந்த முனியம்மாவிடம், "அக்கா, புருசன்கிட்ட சொல்லாம சங்கிலிய சாமிக்குப் போட்டா குத்தமா?" என்று கேட்டாளாம். "சாமிக்கும் ஒனக்கும் நடுவுல அவரு எதுக்கு?" என்று முனியம்மா சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று குழந்தையின் தலைமேல் கையும் வைத்திருக்கிறாள்.

இப்போது நீ கேட்ட சத்தியத்தை மறுபடி படி. 'நான் எடுக்கல' என்பதை முனியம்மா எந்தச் சாமி முன்னாலும் சொல்லியிருப்பாள். 'எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது' என்பதைத்தான் சொல்ல முடியாது, ஏனென்றால் அவளுக்குத் தெரியும். பொய்ச் சத்தியத்துக்கு உண்மையிலேயே பயந்த ஒரே ஆள் அந்த ரிசப்ஷனில் அவள்தான். அவளைத்தான் நாம் பிடித்தோம்.

இதை உன்னிடம் சொன்னதும் நீ முனியம்மாவுக்குப் போன் போட்டாய், அவள் எடுக்கவில்லை. பிறகு கறுப்பு ஷூ, மெடிக்கல் சர்டிபிகேட், பெட்டி என்று ஓட்டமாகிவிட்டது. நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில், ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "அந்த எடத்துல யாரா இருந்தாலும் அப்டித்தான் நைனா நெனச்சிருப்பாங்க" என்றாய். பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ போன பிறகு அந்தக் கல்யாண மண்டபத்துக் கதையை நான் தனியாக மறுபடி போட்டுப் பார்த்தேன். மற்ற வாரங்களையும் பார்த்தேன். ஃபேன் சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த நடிகரும் பிரமாதம். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த இன்ஸ்பெக்டர் யாரைச் சந்தேகப்பட்டாலும் அவனே திருடனாக இருக்கிறான். அவரிடம் அறை வாங்கியவர்களில் ஒருவன்கூட நிரபராதி இல்லை. 'தப்பு பண்ணவனத்தான அடிக்கிறாரு' என்றாயே, உண்மைதான், அந்தத் தொடரில் அப்படித்தான். சமையல்காரர்தான் திருடன் என்று கதை எழுதியவருக்கு முதலிலேயே தெரியும். நகையை அரிசி அண்டாவில் வைத்ததே அந்தக் கதாசிரியர்தான். உனக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள் கண்ணு? நாளைக்கு உன் ஸ்டேஷனுக்குக் கூட்டி வரப்படுகிறவன் பேசாமல் நின்றால், அது பயமாக இருக்கலாம், திருட்டாக இருக்கலாம், யாரோ ஒருத்திக்குக் கொடுத்த வாக்காகவும் இருக்கலாம். 'யாரா இருந்தாலும் அப்டித்தான் நெனச்சிருப்பாங்க' என்பது சரிதான். இஸ்திரிக்காரர் அப்படி நினைக்கலாம், நான் நினைக்கலாம். நாங்கள் நினைத்தால் ஒருவரும் உள்ளே போக மாட்டார்கள். நீ நினைத்தால் போவார்கள். உனக்குச் சம்பளம் கொடுப்பதே எல்லாரும் நினைப்பதை நினைக்காமல் இருப்பதற்குத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை முனியம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாளாம். நம் சந்தில் இரண்டு லாட்ஜில் வேலை கேட்டிருக்கிறாள், சங்கிலிக் கதை அவளுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. உள்ளதைச் சொல்லிவிட்டால் அவள் பெயர் ஒரு நாளில் நேராகிவிடும். சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு கொழந்த தலமேல கை வச்சிக்கிறேன் சார்" என்றாள். நம் லாட்ஜுக்கே திரும்பி வா என்றேன். சிரித்தாள்.

"பாப்பா மேல எனக்குக் கோவமில்ல சார். சின்னதா இருக்கச் சொல்ல நாந்தான தூக்கிக்கினு சுத்தினேன். நா வேலைக்கும் வரேன். ஆனா என்னக் கேட்டது எல்லாரு எதிர்லயும்தான? தப்புன்னு சொல்றதையும் எல்லாரு எதிர்லயும் வந்து சொல்லட்டும்."

நான் சொல்கிறேனே என்றேன். "நீங்க சொன்னா மேனேஜரு எரக்கப்பட்டு சேத்துக்கினாருன்னுவாங்க" என்றாள். அவள் சொல்வது சரி. நான் சும்மா இருந்தவன். சொன்னவள் நீ.

அதனால் முதல் விடுப்பில் நேராக இங்கே வா. யூனிஃபார்ம் வேண்டாம். அன்றைக்கு நின்று பார்த்த எல்லாரையும் ரிசப்ஷனுக்குக் கூப்பிடுவது என் பொறுப்பு. முனியம்மா வந்து நிற்பாள். 'முனியம்மா எடுக்கவில்லை, நான் சொன்னது தப்பு' என்று தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம் சொல். ஏன், எதனால் என்று சமாதானம் எதுவும் சேர்க்காதே. உனக்கு அழுகை வந்தால் வரட்டும், எனக்கும் வரும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வா. நீ சொல்லி முடித்ததும் ரெட்டெப்பா சும்மா இருக்க மாட்டான். "அயிதே எவரு தீசினாரு மேடம்?" என்பான். அப்படியானால் எடுத்தது யார் என்று எல்லாரும் உன் வாயையே பார்ப்பார்கள். உனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரியாது என்று பொய்யும் சொல்லாதே. எஸ்.ஐ. அம்மா எதையோ மறைக்கிறாள் என்று நினைப்பார்கள், உன் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். நீ வாயைத் திறக்காமல் அவர்கள் எதிரில் நின்றுகொண்டிரு. முனியம்மா உன் எதிரில் அப்படித்தான் நின்றாள்.

உன் நைனா